பெர்த் போகும் கவிதாவுக்கு: முதலில் கட்டிலின் உயரம்

அன்புள்ள கவிதா,

வேனுக்குள்ளேயே தங்கிச் சுற்ற நீ போட்டு அனுப்பிய உள்ளமைப்புப் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். சமையல் மேடை, குளிக்க ஒரு மூலை, எல் வடிவ சோஃபா, துணி அலமாரி, கட்டிலுக்கு அடியில் இரண்டு சைக்கிள். நீயும் மாப்பிள்ளையும் எங்கே உட்காருவீர்கள் என்பதைத்தான் காணவில்லை. இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் இங்கே சிங்கப்பூரில் பதிவு செய்த புது அரசு வீட்டின் (பிடிஓ) சாவி வரும்வரை ஆஸ்திரேலியாவில் வேன் வாங்கிச் சுற்றலாம் என்று கிளம்புகிற வேறு பிள்ளைகளும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் வேன் கட்டுகிற ஆள் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அலமாரி அடித்துப் பிழைப்பவன். ஆனாலும் சின்ன இடத்துக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது, எதை மாற்றவே முடியாது என்பதைத்தான். புது வீடுகளில் அது பாம் ஷெல்டர் சுவர், அதாவது குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டிய கான்கிரீட் அறையின் சுவர். ஒரு ஆணி அடிப்பதற்கே யோசிக்க வேண்டும். மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் அமையும். உன் வேனில் அந்த இடத்தில் இருப்பது கூரை.

மாப்பிள்ளையின் அண்ணன் அங்கே பார்த்து வைத்திருப்பது முன்பக்கம் தட்டையான, மூக்கில்லாத பழைய டொயோட்டா ஹைஏஸ் வேன். 2019-இல்தான் மூக்கு நீண்ட புது மாடல் வந்தது. நீ பார்க்கும் வீடியோக்களில் வருவது அதுவாகவோ, ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய ஐரோப்பிய வேனாகவோ இருக்கும். உங்கள் வண்டிக்கு வெளியே நீளம் 4.695 மீட்டர், அகலம் 1.695, உயரம் 1.98. உள்ளே சாமான் ஏற்றும் இடம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.32 மீட்டர் உயரம்.

இப்போது உயரக் கணக்குக்கு வா. வெயில் தாங்க கூரைக்கு உள்பக்கம் இன்சுலேஷனும் மெல்லிய பலகையும் வைத்தால் 3 சென்டிமீட்டர் போகும். மிச்சம் 129. மாப்பிள்ளை ஆறடி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 95 வைத்துக்கொள். மிச்சம் 34. மெத்தைக்கு 8 போனால், கட்டில் பலகை தரையிலிருந்து 26 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். சைக்கிளுக்காக நீ வைத்திருப்பது 65. அப்படிச் செய்தால் மெத்தைக்கு மேல் 56 சென்டிமீட்டர்தான் இருக்கும். படுக்கலாம், புரளலாம், உட்கார முடியாது. நீங்கள் போகும் ஜூன், ஜூலையில் பெர்த் பக்கம் மழைக்காலம். நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? சைக்கிள் வெளியே, பின்பக்க ரேக்கில் போகட்டும். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நீளம். இங்கே நாம் வாங்கும் மெத்தை 190 நீளம். வண்டியின் உள் அகலம் ஒன்றரை மீட்டர்தான் என்பதால் குறுக்கே படுக்க வழியில்லை, நெடுக்கேதான். கட்டில் 1.9 மீட்டரை எடுத்துக்கொண்டால் மீதி 1.1. அந்த 1.1 மீட்டருக்குள்தான் நீ குளியலையும் சமையலையும் சோஃபாவையும் அடைத்திருக்கிறாய்.

குளியலை எடுத்துவிடு. நிமிடத்துக்கு 5 லிட்டர் விழும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 25 லிட்டர், அதாவது 25 கிலோ. இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓட்ட வேண்டும். கேரவன் பார்க்குகளில் குளிக்க இடம் உண்டு. சோஃபாவும் வேண்டாம். கட்டிலின் முன்பகுதியை மடிக்கிற மாதிரி வைத்தால் அதுவே இருக்கை. முன்னிருக்கையைத் திருப்பிப்போடும் யோசனையையும் விட்டுவிடு. இந்த மாடலில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. வீடியோவில் வரும் வேன்களில் அப்படி இல்லை.

சமையல் எங்கே என்று கேட்பாய். பின்கதவு மேல்நோக்கித் திறக்கிறது, அதுவே உனக்குக் கூரை. கட்டிலுக்கு அடியில் பின்பக்கமாக இழுக்கும் ஒரு டிராயர் போட்டு, வீட்டில் ஸ்டீம்போட்டுக்கு (மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடுவதற்கு) வைக்கிறோமே, அந்தக் கேஸ் டின் அடுப்பை அதில் வைத்துக்கொள். வெளியே நின்று சமைக்கலாம், தாளிக்கிற வாசனை மெத்தையில் ஏறாது. காற்று பலமாக வீசும் நாளும் வரும். வண்டியின் முகம் காற்றைப் பார்த்து நின்றால் பின்னால் அடுப்பு அணையாது. கதவை மூடிக்கொண்டு உள்ளே மட்டும் கேஸ் அடுப்பு ஏற்றாதே, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். டின்களை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. நிலையான கேஸ் இணைப்பு வேண்டுமென்றால் அங்கே உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். உனக்கு அது தேவையில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பும் வேண்டாம். 12 வோல்ட் 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1,280 வாட்-அவர். 2,000 வாட் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அந்த மின்சாரம் குளிர்பெட்டிக்கும் மின்விசிறிக்கும் இருக்கட்டும். குளிர்பெட்டியைப் பக்கக் கதவுக்கு அருகே வை. ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். வெளியே நின்றபடியே பால் எடுக்கலாம். பேட்டரி ஒரு பக்கம் என்றால் தண்ணீர் கேன் மறுபக்கம். கனமானவை தாழ்வாக, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கட்டும். எல்லாவற்றையும் தரையிலுள்ள கொக்கிகளோடு இறுக்கிக் கட்டு. நிறைந்த குளிர்பெட்டி ஒரு பிரேக்கில் கிளம்பினால் உன் முதுகில்தான் வந்து நிற்கும்.

பலகை விஷயம் என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நம் வீட்டு அலமாரிகளுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டு மேலே லேமினேட் ஒட்டுவோம். சுவரோடு நிற்கும் பொருளுக்கு அது சரி. 2,400-க்கு 1,200 அளவுள்ள முழுப் பலகை 18 மில்லியில் 28 கிலோ பக்கம் வரும், 12 மில்லியில் 19. வேனுக்கு 12 போதும், அடியில் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்தால் வளையாது. கட்டிலை 120 அகலத்தில் வைத்தால் ஒரே பலகையில் 1,900 வெட்டிக்கொள்ளலாம், மிச்சமுள்ள 500 டிராயருக்கு முகப்பாகும். நம் மெத்தைகளில் சூப்பர் சிங்கிள் 107 அகலம், குவீன் 152. 120-இல் இருவர் படுக்கலாம், சண்டை போட்ட இரவில்தான் கஷ்டம். சுவரோரம் மிஞ்சும் 30 சென்டிமீட்டரில் நீளமாக ஒரு தட்டு வைத்துவிடு, துணி அலமாரி அதுதான். மரத்தை இங்கிருந்து கொண்டுபோக நினைக்காதே, அங்கே விமான நிலையத்தில் மரப்பொருள்களை அறிவித்துக் காட்ட வேண்டும். அங்கே பன்னிங்ஸ் என்ற கட்டுமானப் பொருள் கடையில் பலகை வாங்கினால் அளவு சொன்னபடி வெட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், குளிர் இரவில் ஜன்னலை இறுக்கி மூடத்தான் தோன்றும். பெர்த்துக்கு வடக்கே கரிஜினி தேசியப் பூங்கா பக்கம் ஜூலை இரவுகள் நன்றாகவே குளிரும். எல்லாவற்றையும் மூடிவிட்டு இருவர் மூச்சுவிட்டால் காலையில் கூரைத் தகடெல்லாம் வியர்த்து மெத்தை நனைந்திருக்கும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வலை போட்டுக்கொள். அந்த வலை பகலில் ஈக்கும் உதவும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு ஹாலில் மாஸ்கிங் டேப்பால் 3-க்கு ஒன்றரை மீட்டர் கட்டம் போட்டு, துணி காயப்போடும் மூங்கில் கழியை 129 சென்டிமீட்டர் உயரத்தில் குறுக்கே கட்டி, அதற்கு அடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து பாருங்கள். சட்டை மாற்றுங்கள், சாப்பிடுங்கள், ஒருவர் படுத்திருக்கும்போது மற்றவர் வெளியே போய் வாருங்கள். படத்தில் எதை அழிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையே சொல்லிவிடுவார்.

அப்புறம், அண்ணனிடம் மூன்று அளவு கேட்டு அனுப்பு: பின்சக்கர மேட்டின் (சக்கரத்துக்காக வண்டிக்குள் துருத்தி நிற்கும் பகுதியின்) உயரம், இரண்டு மேடுகளுக்கும் இடையே உள்ள அகலம், பக்கக் கதவு திறந்தால் கிடைக்கும் வழி. மேடு 26 சென்டிமீட்டரைத் தாண்டினால் பலகையில் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அளவு வந்ததும் வெட்டுக் கணக்கை நான் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா