சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து உயர் அதிகாரி ஆனவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. மும்பையில் ஸ்டேட் வங்கியில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளராகத் தொடங்கி, 2022இல் உதவிப் பொது மேலாளர் ஆன பிரதிக்ஷா தோண்ட்வால்கரின் கதையை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதியிலோ வங்கிக் கதவு திறக்கும் முன் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? எந்தத் தேர்வு எழுத வேண்டும், எத்தனை ஆண்டு பிடிக்கும், எந்தக் காகிதம் வேண்டும், எங்கே சறுக்கும் என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. வங்கிப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற நாங்கள் அந்த விவரங்களை எழுதுகிறோம். இடம் இருந்தால் முழுதாக வெளியிடுங்கள்.

அந்த அம்மையார் மேலே வந்ததற்கு அவருடைய உழைப்பு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அவர் வங்கியின் ஊழியராக இருந்தது. இன்று பெரும்பாலான கிளைகளில் பெருக்குபவரும் காவலுக்கு நிற்பவரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். வங்கிக்குள் நடக்கும் பதவி உயர்வுத் தேர்வு எதற்கும் அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து வருடம் ஒரே கிளையில் இருந்தாலும், மேலாளரில் இருந்து வாடிக்கையாளர் வரை எல்லோரும் பெயர் சொல்லி அழைத்தாலும் இதுதான் நிலை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. அதில் ஒப்பந்ததாரர் பெயர் இருந்தாலோ, பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் ஏதோ ஒரு ஹவுஸ்கீப்பிங் கம்பெனி இருந்தாலோ, நீங்கள் வங்கி ஊழியர் இல்லை. பொதுத்துறை வங்கிகளில் 2010 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்த நிரந்தர ஊழியருக்குப் புதிய ஓய்வூதியத் திட்டக் கணக்கு இருக்கும். அது இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் உண்டு. கிளை மேலாளர் வவுச்சர் போட்டு நாள்கூலி கொடுப்பவர்கள். இவர்கள் வேலை செய்த தேதி, நேரம், பெற்ற தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் மாறிவிட்டால் வேறு சாட்சி கிடைக்காது. வங்கி நேரடியாக வைத்திருக்கும் பகுதிநேரப் பணியாளருக்கு, வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் போடும் இருதரப்பு ஒப்பந்தப்படி, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் சம்பளம் அமைகிறது. 6 முதல் 13 மணி வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு, 13 முதல் 19 வரை பாதி, 19 முதல் 29 வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். 20 மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

இனி, வங்கியின் சொந்த ஊழியராக இருக்கும் சப்-ஸ்டாஃபுக்கு, அதாவது கடைநிலை ஊழியருக்கு. 2024 மார்ச்சில் கையெழுத்தான 12ஆவது இருதரப்பு ஒப்பந்தத்தில் சப்-ஸ்டாஃபின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய், கிளார்க்குக்கு 24,050, அதோடு கையெழுத்தான அதிகாரிகளுக்கான கூட்டுக் குறிப்பில் ஸ்கேல் ஒன், அதாவது முதல் படிநிலை அதிகாரிக்கு 48,480. கிளார்க்கில் இருந்து அதிகாரி ஆகும்போதுதான் பெரிய தாவல் இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். உதவிப் பொது மேலாளர் என்பது ஸ்கேல் ஐந்து. சப்-ஸ்டாஃபில் இருந்து கிளார்க், பிறகு ஸ்கேல் ஒன்றில் தொடங்கி ஐந்து வரை என ஆறு பதவி உயர்வுகள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5 ஆண்டு என்று வைத்தால் 30 ஆண்டு. 25 வயதில் சேர்ந்தவர் 55இல் அங்கே இருப்பார். ஓய்வு 60இல். ஆக, தவறவிடக்கூடியது மொத்தம் 5 ஆண்டுதான். 35 வயதில் பத்தாம் வகுப்பு எழுத உட்காருபவர் ஸ்கேல் ஐந்தைக் கனவு காண வேண்டாம். ஸ்கேல் இரண்டு, மூன்று வரை தாராளமாகப் போகலாம். அதுவும் கிளை மேலாளர் நாற்காலிதான்.

படிப்பில் இருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்பு இல்லாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனித்தேர்வர் வழி உண்டு. இதில் பலர் விழும் குழி அறிவியல் செய்முறை. நேரடித் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகும்போதுதான் இது தெரிந்து, ஒரு வருடம் வீணாகிறது. மற்றொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம், பாடத்துக்கு 33 மதிப்பெண், ஒருமுறை சேர்ந்தால் 5 ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம் என்பதால், காலையும் மாலையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதையே சொல்வோம்.

பட்டப்படிப்பில் மட்டும் அவசரம் கூடாது. பத்து, பன்னிரண்டு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை குலையாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் சான்றிதழ் சரிபார்ப்பில் பல்லிளிக்கும். 'ஒரே ஆண்டில் டிகிரி' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருப்பதைக் கிழித்துப் போடுங்கள். தொலைநிலைப் படிப்பில் சேரும்போது, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்களது இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பெரிய இடங்களிலேயே சில ஆண்டுகளுக்கு அனுமதி இல்லாமல் போனது உண்டு.

சப்-ஸ்டாஃபில் இருந்து கிளார்க் ஆக எத்தனை ஆண்டு பணி, என்ன படிப்பு என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். எழுத்துத் தேர்வு பெரும்பாலும் இருக்கும். இதில் பெரிய தடை ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதவி உயர்வுச் சுற்றறிக்கை வங்கியின் உள்வலைத்தளத்தில் வரும். சப்-ஸ்டாஃப் கணினி முன் உட்காருவது அபூர்வம். கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து, பக்கத்துக் கிளைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள். மாதம் ஒருமுறை, மேலாளரிடமோ சங்கப் பொறுப்பாளரிடமோ, "மனிதவளப் பிரிவில் இருந்து ஏதாவது வந்திருக்கிறதா சார்?" என்று கேட்பதை வழக்கமாக்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் சப்-ஸ்டாஃபும் வங்கி ஊழியர்களுக்கான தொழில்தகுதித் தேர்வான ஜே.ஏ.ஐ.ஐ.பி.யை எழுதலாம் என்பது கிளைகளிலேயே பலருக்குத் தெரியாது. 1928இல் தொடங்கப்பட்ட இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் நடத்தும் தேர்வு இது. அதில் உறுப்பினராகச் சேர வேண்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் நான்கு தாள்கள்: இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும், வங்கியியல் நடைமுறை, கணக்கியல், சில்லறை வங்கியியல். ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் வேண்டும். நான்கையும் ஒரே முறையில் எழுதி மொத்தத்தில் 50 விழுக்காடு வந்தால், தனித்தாளில் 45 போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வர வேண்டும். முடித்த கிளார்க்குக்கு ஓர் ஊதிய உயர்வு, அடுத்த தேர்வான சி.ஏ.ஐ.ஐ.பி.க்கு இரண்டு. காசைவிட, அதிகாரித் தேர்வுக்குப் படிக்க வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் லாபம்.

வங்கியியல் நடைமுறைத் தாளில் சப்-ஸ்டாஃபுக்கு ஒரு சாதகம் உண்டு. அவர்கள் கையில் புழங்குவதுதான் அங்கே கேள்வியாக வருகிறது. காசோலை எழுதிய தேதியில் இருந்து 3 மாதம்தான் செல்லும், 2012 ஏப்ரல் 1 முதல். ஒரே பரிவர்த்தனையில் 4 வரை கள்ள நோட்டு வந்தால் மாத முடிவில் காவல்துறைக்கு ஒரே அறிக்கை, 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை. காசோலையை ஸ்கேன் செய்யும் மேசைக்கும் பணம் கட்டும் மேசைக்கும் நடுவே தினமும் நடப்பவர் இதை ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டு நடந்தால் பாதிப் பாடம் முடிந்தது. கணக்கியல் தாள்தான் பழிவாங்கும். பற்று வரவு இரட்டைப் பதிவைப் பள்ளியில் படிக்காதவர்கள், பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் தமிழ்ப் பாடநூலை முதலில் முடித்துவிட்டுத்தான் அந்தத் தாளின் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

கிளார்க் ஆனபின் ஏறாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். காரணம் டிரான்ஸ்ஃபர். அதிகாரி என்றால் நாட்டின் எந்த மூலைக்கும் போக வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, வயதான மாமியார், திருப்பாதிரிப்புலியூரில் கட்டிய வீடு. இவற்றை யோசித்துப் பதவி உயர்வை எழுதிக் கொடுத்து மறுக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம் மறுக்கிறார்கள், அல்லது மறுக்க வைக்கப்படுகிறார்கள். மறுத்தவர் சில ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று சில வங்கிகளில் விதி உண்டு. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்முன் வெளியூர்ப் பணியை முடித்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பிறகு வழி எளிதாக இருந்திருக்கிறது.

ஏறியவரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் பாஸ்வேர்டு. கூட்டம் நிறைந்த நாளில், "என் ஐடியில் நீயே போட்டு விடு" என்று சக ஊழியர் சொல்வார். அல்லது நம் ஐடியைக் கேட்பார். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவில் மோசடி வெளிவந்தால், விசாரணையில் யார் ஐடி என்பதுதான் கேள்வி, யார் விரல் என்பதல்ல. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டால், வழக்கு முடியும்வரை பதவி உயர்வு முடிவு மூடிய உறையில் கிடக்கும். கீழிருந்து வந்தவர்களிடம் இந்தத் தவறு சற்றுக் கூடுதல். முந்தாநாள் வரை தேநீர் வாங்கி வரச் சொன்னவர் கேட்கும்போது மறுக்க நாக்கு எழாது. இந்த ஒரு விஷயத்தில் முகத்தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

ஒப்பந்தப் பணியாளர்களுக்கு வெளிக்கதவுதான் வழி. பட்டம் முடித்தால், பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுவாக நடக்கும் ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வு. வயது 20 முதல் 28. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு. கணவரை இழந்தவர்களும் மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாதவர்களும் 35 வயது வரை, ஓ.பி.சி. என்றால் 38, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 40 வரை எழுதலாம். துப்புரவு வேலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்த வகையில் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சலுகையைத்தான் ஊரூராகச் சொல்ல வேண்டும். முதல்நிலைத் தேர்வு 100 கேள்வி, 60 நிமிடம். மூன்று பகுதிக்கும் தலா 20 நிமிடம். தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். தமிழிலேயே எழுதலாம், ஆனால் 30 கேள்வி கொண்ட ஆங்கிலப் பகுதியைத் தாண்டியாக வேண்டும்.

ஆங்கிலம் பயமென்றால் கிராம வங்கிகளின் அலுவலக உதவியாளர் தேர்வை முதலில் குறிவையுங்கள். அதன் முதல்நிலையில் ஆங்கிலமே கிடையாது. தர்க்கம் 40, எண்கணிதம் 40, நேரம் 45 நிமிடம். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியும், இந்தியன் வங்கியின் ஆதரவில் புதுவையில் 2008இல் தொடங்கிய கிராம வங்கியும் இந்த வழியில்தான் ஆள் எடுக்கின்றன. ஐ.பி.பி.எஸ். கிளார்க்கில் ஒரே ஒரு மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோதான் விண்ணப்பிக்க முடியும். புதுச்சேரி பக்கம்தானே என்று கடலூர்க்காரர்கள் அதைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே காலியிடங்கள் எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ஓ.பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சாதிச் சான்று இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற குறிப்புடன், காலாவதி ஆகாததாக வேண்டும். தங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முதன்மைத் தேர்வில் தேறிவிட்டு இந்தக் காகிதத்தில் வேலையைத் தொலைத்தவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள்.

வயது தாண்டிவிட்டால் காப்பீட்டு முகவர் தேர்வு இருக்கிறது. பத்தாம் வகுப்பு போதும். 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, தமிழில் எழுதலாம். கமிஷன் தொழில், மாதச் சம்பளம் கிடையாது என்பதைத் தெரிந்து இறங்க வேண்டும். எல்.ஐ.சி. வளர்ச்சி அதிகாரித் தேர்வில் முகவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அதற்குப் பட்டம் வேண்டும்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். கிளார்க் வேலைக்கான தேர்வையே 13 மாநில மொழிகளில் நடத்த 2021இல் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. ஆனால் உள்ளே வந்தபின் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தமிழிலும் நடத்த வேண்டும். அடுத்து, பதவி உயர்வுச் சுற்றறிக்கை வரும் நாளிலேயே அதன் தமிழ்ச் சுருக்கத்தை, கடைசித் தேதியைப் பெரிதாகப் போட்டு, வருகைப் பதிவேடு இருக்கும் மேசைக்கு மேல் ஒட்டும்படி கடலூர், புதுச்சேரி வட்டாரக் கிளைகளுக்கு வங்கிகளின் மண்டல அலுவலகங்கள் உத்தரவிட வேண்டும். அதற்கு ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கிப் பணியாளர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.