புகை விட்டது வண்டி, பழி விழுந்தது பையன் மேல்

அன்புள்ள முரளி,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டப்போவது தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஏடிவிதான், நம் நாலு சக்கர மேட்டு வண்டிதான், புகைந்துவிட்டது.

நீலப் புகை. நம் பழைய டூ ஸ்ட்ரோக் விட்ட அதே நிறம். அதற்கென்ன, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்த பிறவி. இது ஃபோர் ஸ்ட்ரோக், விடக் கூடாது. கறுப்பென்றால் பெட்ரோல் கூடுதல், வெள்ளைப் புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடையும் அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், நீலமென்றால் ஆயில் என்று நீ ஓதிய பாடம் நினைவிருந்தது. நிறத்தைப் பார்த்த கையோடு ஸ்பானரை எடுக்காதே என்று சொன்னதுதான் மறந்துபோனது.

அதற்கும் முன்னால் வாயைத் திறந்துவிட்டேன். முந்தின வாரம் பையன் மேட்டில் ஏற்றி முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருந்தான். "பிஸ்டன் ரிங் போச்சு, ஆயில் மேலே ஏறுது, எல்லாம் உன்னால்தான்" என்று கத்தினேன். அவன் எதுவும் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கேஜை மாட்டி கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன். முள் பாதியிலேயே நின்றது. ரிங்கேதான் என்று முடிவு கட்டிப் புது செட்டுக்கும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்டிலேயே டிகம்ப்ரஷன் இருக்கிறது. ஸ்டார்ட்டர் லேசாகச் சுற்றட்டும் என்று வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும். கேஜ் குறைத்துத்தான் காட்டும். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து முள் துள்ளியிருக்க வேண்டும். அசைந்த மாதிரியே தெரியவில்லை.

முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதை அதற்கப்புறம்தான் பார்த்தேன். ஆயில் குச்சியை உருவினால் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? முகர்ந்தால் பெட்ரோல் நெடி. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது. கார்புரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் வரத்தை மூடும் ஃப்ளோட் நீடில் நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துகள். நீடில் சரியாக மூடாததால் ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. நீர்த்துப் பெருகிய ஆயில் பிரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியாக, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸுக்கு ஏறி, அங்கிருந்து உள்ளே போய் எரிந்திருக்கிறது. டேங்க் டேப்பை மூடியிருந்தால் இத்தனையும் இல்லை. கடைசியாக வண்டியை நிறுத்தியவன் நான்.

நீடிலையும் ஆயிலையும் மாற்றியாயிற்று, புகை போயிற்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு குபுக், அரை நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. வால்வு சீல் வழியாக இரவில் ஆயில் கசிவதாக இருக்கும். அது கிடக்கட்டும்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. ஏர்பாக்ஸைத் துடைக்கும்போது, ஃபில்டரைத் தாண்டிக் கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் விரலை விட்டேன். ஆயிலில் ஒட்டிய புழுதி. தேய்த்தால் நறநறவென்றது. போன முறை ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவாமல் அப்படியே மாட்டியிருக்கிறேன். அந்த நறநறப்பு சிலிண்டரை எத்தனை நாள் அறுத்ததோ. நாளைக்கு ரிங் நிஜமாகவே போனால் அதுவும் என் கைவேலைதான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை முரளி. சாவி மேசைமேலேயே கிடக்கிறது. இரண்டு தடவை வாய்வரை வந்தது. "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும், எழுதித் தொலைக்காதே.

அடுத்த வாரம் வா. உன் லீக் டவுன் கேஜையும் எடுத்து வா. காற்றை அடைத்து, ஆயில் மூடியில் சீறுகிறதா (ரிங்), சைலன்சரில் சீறுகிறதா (வால்வு) என்று கேட்டுவிடலாம். சொல்லி வைத்த ரிங் செட்டும் வந்து சேரும், அதைப் பார்த்துச் சிரிக்காதே. அதற்குள் பையனிடம் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் நீ வாயைத் திறக்காதே, எனக்கு ஒரு நாள் கொடு.

உன்,
சேகர்