லூபஸுக்கு புது வைத்தியம் வந்தது சந்தோசமுங்க, மொதல்ல ஒரு யூரின் டெஸ்ட் எழுதச் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல, நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம ஒடம்ப அடிக்கற லூபஸ் நோய்க்கு ஜெர்மனில செல் சிகிச்சை பண்ணி நோயாளிங்க மாத்திரையே வேண்டாம்னு ஆயிட்டாங்கன்னு ஒரு செய்தி வந்துச்சு, அன்னைலேர்ந்து எனக்கு போன் மேல போனுங்க. கோபில இருந்து எங்க சின்னம்மா கூப்பிட்டு, "அம்மிணி, உன்ற சீக்குக்கு மருந்து வந்துருச்சாமா, அந்த மாத்தரைய இனி நிறுத்திரு கண்ணு"ங்கறாங்க. செய்தி நெசந்தானுங்க, தப்புன்னு சொல்ல வரல. ஆனா ஒம்பது வருசமா இந்த நோயோட இருக்கறவ நானு, செய்தில வராத மீதியையும் சொன்னாத்தான் என்னாட்டம் இருக்கறவங்களுக்கு ஒதவும்னு எழுதறேன்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். பீஸ் வந்தா பிசிறு வெட்டோணும், கறை, ஓட்டை, தையல் விட்டது பாத்து ஸ்டிக்கர் ஒட்டி தள்ளோணும், நாள் முச்சூடும் வெரல்லதான் வேலை. 2017 ஆடி மாசம் ஆரம்பிச்சுது. காத்தால எந்திரிச்சா வெரல் மடங்காது, ட்ரிம்மர் கத்திரிய புடிச்சா அமுக்க வராது, 10 மணிக்கு மேலதான் கை வழிக்கு வரும். அப்பறம் மூக்கு மேல ரெண்டு கன்னத்துலயும் செவப்பா படை வந்துச்சு, மங்குன்னு சொல்லி க்ரீம் குடுத்தாங்க. முடி கொத்து கொத்தா கொட்டுச்சு, உப்புத்தண்ணின்னாங்க. வாய்ல புண்ணு, சூட்டு ஒடம்புன்னாங்க. விட்டு விட்டு காய்ச்சல், அதுக்கு மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க எங்க அமுச்சி. முடிக்கு ஒருத்தரு, தோலுக்கு ஒருத்தரு, மூட்டுக்கு ஒருத்தருன்னு போனேன், எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பாத்த ஆளு ரெண்டு வருசத்துல ஒருத்தருமில்ல.

நடுவுல ஒரு எடத்துல வாரம் ஒரு ஊசி போட்டாங்க. போட்ட அன்னைக்கு ராத்திரியே ஒடம்பு பூவாட்டம் ஆயிரும், ஓவர்டைம் கூட பாத்துருவேன். அது ஸ்டீராய்டுன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க. எட்டு மாசத்துல மூஞ்சி பலூனாட்டம் ஆயிருச்சு, பயந்து நானா நிறுத்திட்டேன், நாலாம் நாள் பஸ் ஸ்டாப்புல மயங்கி விழுந்தேன். ஸ்டீராய்டு நாள்பட எடுத்தா நம்ம ஒடம்பு தானா சுரக்கறத கொறைச்சுக்கும், அதனால அத பையப் பைய கொறைக்கோணும், திடீர்னு விடக்கூடாதுன்னு எனக்கு தெரிஞ்சது விழுந்ததுக்கு அப்பறந்தான்.

2019ல காலு வீங்கிருச்சு. சாயந்தரம் கொலுச கழட்டுனா அது பதிஞ்ச தடம் அப்படியே பள்ளமா நிக்கும். யூரின் போனா நுரை, தண்ணி ஊத்துனாலும் அடங்காத நுரை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, அவங்கதான் மூட்டு, முடி, வாய்ப்புண்ணு, வெயில்ல போனா மூஞ்சி எரியுதா எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டாங்க, ஒரு சின்ன டப்பாவ குடுத்து யூரின் புடிச்சுட்டு வாங்கன்னாங்க. புரோட்டீன் மூணு பிளஸ், அப்படின்னா கிட்னி வழியா புரோட்டீன் நெறைய ஒழுகுதுன்னு அர்த்தம். அதுக்கப்பறந்தான் ரத்தத்துல பாக்கற ஏஎன்ஏ, டிஎஸ் டிஎன்ஏ டெஸ்ட், கிட்னில துளி சதை எடுத்து பாக்கற பயாப்சி எல்லாம். லூபஸ், அதுவும் கிட்னிக்கு எறங்கிருச்சு. அந்த டப்பா மொத வருசமே என்ற கைக்கு வந்திருந்தா கிட்னிக்கு எறங்கும்போதே புடிச்சிருக்கலாமேன்னு இன்னைக்கும் வெசனப்படறேன்.

நம்ம ஒடம்புல கிருமிய எதுக்கற படையே நம்ம ஒடம்பையே அடிக்குதுங்க, அதான் இந்த நோய். பத்து பேருல ஒம்பது பேரு பொம்பளைங்க, பெரும்பாலும் கொழந்த பெக்கற வயசுல வருது. ஏன் அந்தப் படை எல்லாருக்கும் இப்படி திரும்பறதில்ல, அத அடக்கி வெக்கற செல் எதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2025ல மருத்துவ நோபல் குடுத்தாங்க.

எனக்கு எழுதுன மொத மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 1955லயே வந்த மாத்திரை, வெலையும் கம்மி, லூபஸ் இருக்கற எல்லாருக்கும் ஒத்துக்காதவங்கள தவிர குடுக்கோணும்னு இன்னைக்கும் உலகம் பூரா டாக்டருங்க சொல்றாங்க. எடைக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, நான் 42 கிலோ, ஒரு நாளைக்கு 200. கண்ணுக்குள்ள இருக்கற விழித்திரைய பாதிக்கறது அபூர்வம், ஆனாலும் ஆரம்பத்துல ஒருக்கா கண்ணு டெஸ்ட், அஞ்சு வருசத்துக்கப்பறம் வருசாவருசம். 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு இது கேக்கும்னு பேச்சு வந்துச்சு பாருங்க, அப்ப தேவையில்லாதவங்கல்லாம் அட்டை அட்டையா வாங்கி வெச்சுட்டாங்க. ஊரடங்கு நேரம், எங்க வீட்டுக்காரரு டிவிஎஸ் எக்ஸ்எல்ல டாக்டர் சீட்ட கைல புடிச்சுட்டு அவிநாசில இருந்து திருப்பூர் வரைக்கும் பதினொரு மருந்துக்கடை ஏறி எறங்குனாரு, ஒரு கடைல மட்டும் ஒரு அட்டை. கடைசில அந்த மாத்திரை கொரோனாவுக்கு கேக்கலன்னும் ஆயிருச்சு. ஒரு அரைகொறை செய்தி என்ன பண்ணும்னு அப்ப கண்ணால பாத்தேன், அதனாலதான் உங்க செய்தி வந்ததும் மனசு கெதக்குன்னுச்சு.

புது மருந்தும் வந்துட்டுதான் இருக்குதுங்க. பேரெல்லாம் வாய்ல நொழையாது, நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன். அம்பது வருசத்துக்கு மேல லூபஸுக்குன்னு ஒரு மருந்தும் வராம, 2011ல அமெரிக்கால பெலிமுமாப் அனுமதியாச்சு. 2021ல கிட்னி லூபஸுக்கு வோக்ளோஸ்போரின், அதே வருசம் அனிஃப்ரோலுமாப். 2025 அக்டோபர்ல ஒபினுடுசுமாப், கிட்னிக்கு. அந்த ஆராய்ச்சில வழக்கமான மருந்தோட இத சேத்து போட்டவங்கள்ல 100க்கு 46 பேருக்கு கிட்னி நோய் நல்லபடியா அடங்குச்சு, சேக்காம வெறும் வழக்கமான மருந்து எடுத்தவங்கள்ல 33 பேருக்கு. இதெல்லாம் மாசச் சம்பளக்காரிக்கு எட்டற வெலையில்ல, அது வேற. என்னப் பொறுத்த வரைக்கும் பெரிய மாத்தம் ஸ்டீராய்டு கணக்குதான். 2023ல ஐரோப்பா டாக்டருங்க சங்கம் நாள்பட எடுக்கறதா இருந்தா ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம், முடிஞ்சா நிறுத்திருங்கன்னு எழுதிட்டாங்க. நான் 40 மில்லிகிராம்ல ஆரம்பிச்சேன், எதிர்ப்பு சக்திய அடக்கற மைக்கோஃபினோலேட் மாத்திரைய சேத்தி பைய கொறைச்சு இப்ப 5.

இப்ப அந்த ஜெர்மனி விசயம். எர்லாங்கன்ங்கற ஊர்ல கியார்க் ஷெட்ங்கற டாக்டரோட குழு பண்ணுனது. நம்ம ரத்தத்துல இருந்து டி செல்லுங்கற ஒரு வகை வெள்ளை அணுவ எடுத்து, லேப்ல அதுக்கு புதுசா ஒரு அடையாளம் கண்டுக்கற சக்திய குடுத்து, திருப்பி ஒடம்புல ஏத்துனா அது போயி, தப்பு பண்றதோட சேத்து பி செல்லுங்கற இன்னொரு வகை வெள்ளை அணுவ எல்லாம் அழிச்சிருது, கொஞ்ச மாசங்கழிச்சு புது பி செல் முளைச்சு வருது, அது ஒடம்போட சண்டை போடறதில்ல. 2024ல வெளியிட்டதுல மொத்தம் 15 பேருங்க, அதுல லூபஸ் 8 பேரு, மீதி தசை அழற்சியும் தோல் இறுகற நோயும். எல்லாரும் மாத்திரைய நிறுத்திட்டாங்க. படிக்கறப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஆனா 15 பேருதானுங்க, வேற எதுக்கும் கட்டுப்படாதவங்களா பாத்து எடுத்தவங்க, ஏத்தறதுக்கு முன்னாடி கீமோவும் குடுக்கறாங்க, ரெண்டு வருசம் வரைக்குந்தான் அப்ப பாத்திருந்தாங்க. நம்ம நாட்டுல மும்பை ஐஐடியும் டாட்டா கேன்சர் ஆஸ்பத்திரியும் சேந்து கண்டுபிடிச்ச இதே மாதிரி செல் சிகிச்சைக்கு 2023ல அனுமதி கெடைச்சுது, அது ரத்தப் புற்றுக்குத்தான், லூபஸுக்கு இல்ல. இந்த நாலு வரியையும் செய்தில சேத்திருந்தா எங்க சின்னம்மா மாத்திரைய நிறுத்துன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

லூபஸ் மட்டுமில்லீங்க, சரவாங்கின்னு சொல்ற முடக்குவாதத்துலயும் மருந்த அரைகொறையா புரிஞ்சுக்கிட்டா இதே கதைதான். எங்க லைன் வீட்டு பெரியம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தாங்க, அது வாரத்துக்கு ஒரு நாள் போடற மாத்திரை. அவங்களுக்கு அது புரியல, தெனமும் போட்டுட்டாங்க, ஒரு வாரத்துல வாயெல்லாம் புண்ணு, ரத்தத்துல வெள்ளை அணு கொறைஞ்சு அட்மிட் ஆயிட்டாங்க. நல்ல மருந்துங்க அது, அதே மருந்துலதான் இப்ப பெரியம்மா மறுபடியும் தோசை சுடறாங்க, நான் கவர் மேல "ஞாயித்துக்கெழம மட்டும்"னு பெருசா எழுதி குடுத்துருக்கறேன்.

இன்னொண்ணும் சொல்லோணும். இந்த நோய் வந்தா கொழந்த கூடாதுன்னு ஒறம்பரைங்க என்னய பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல. நோய் ஆறு மாசம் அடங்கியிருக்கோணும், மைக்கோஃபினோலேட்ட முன்கூட்டியே நிறுத்தி அதுக்கு பதிலா அசத்தியோப்ரின்ங்கற மாத்திரைக்கு மாத்தோணும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின மட்டும் விடவே கூடாது. டாக்டர் சொன்னபடி பண்ணுனேன், என்ற பாப்பாவுக்கு இப்ப ரெண்டு வயசு.

நான் கேக்கறது இதுதானுங்க. சின்ன வயசு பொம்பளை மூட்டு வலி, காய்ச்சல், முடி கொட்டுது, வாய்ப்புண்ணுன்னு வந்தா மொத நாளே யூரின் டெஸ்ட் எழுதச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கெல்லாம் சொல்லோணும். தாராபுரம், காங்கயம், சத்தி மாதிரி ஊர்ல மாசத்துக்கு ஒரு நாளாவது மூட்டு வாத டாக்டர் வந்து ஓபி பாக்கோணும், ஒரு நாள் கூலிய விட்டுட்டு கோயமுத்தூரு போயி வரிசைல நிக்கற பொம்பளைங்களுக்கு அது எவ்வளவு பெருசுன்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருது, எங்களுக்கும் அந்தப் பையில ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஒரு அட்டை வெக்கச் சொல்லி அதிகாரிங்களுக்கு நீங்க எழுதுங்க.

மே 10 உலக லூபஸ் தினமுங்க. அன்னைக்கு அரைப் பக்கம் குடுத்து இந்த நோயோட அறிகுறிய பெரிய எழுத்துல போடுங்க. எங்க செக்கிங்ல டீ டைம்ல உங்க பேப்பர சத்தமா படிக்கற ஒரு அக்கா இருக்கறாங்க, 60 பேரு கேப்பாங்க, அதுல ரெண்டு புள்ளைங்க காத்தால கத்திரி புடிக்க முடியாம வெரல ஊதிக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க.

பேரு போட வேண்டாமுங்க ஐயா, வீட்டுல கல்யாணத்துக்கு நாத்தனா இருக்கறா.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளி,
அவிநாசி பக்கம், திருப்பூர் மாவட்டம்.