ஞாயிறு வகுப்பை விட்டது பற்றி அண்ணாவுக்கு

அண்ணா,

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. அதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். போன் எடுத்தால் உங்களுக்கு இரவு ஒன்பது, இங்கே காலை ஆறரை, நீங்கள் களைத்துப்போய் இருப்பீர்கள், நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவேன், இரண்டு பேரும் கோபத்தோடுதான் வைப்போம்.

ஓம், டியூட்டரியில் நான் படிப்பித்த ஞாயிறு வகுப்பையும் விடியக்காலை வகுப்பையும் விட்டுவிட்டேன். இனிப் பள்ளிக்கூடமும் கிழமையில் இரண்டு பின்னேர வகுப்பும் மட்டும்தான். அம்மாவின் மருந்து, வீட்டுக் கடன் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் விட்டேன், முட்டுப்பாடு வரும், சமாளிக்கலாம். உங்களிடம் கேட்காமல் செய்ததற்கு மன்னிக்க வேண்டும். கேட்டிருந்தால் விடவே விட்டிருக்க மாட்டீர்கள், அதுவும் உண்மைதானே.

"இந்த வயதில உழைக்காமல் எந்த வயதில உழைக்கப் போறாய்" என்று நீங்கள் கேட்டதில் இருந்து எனக்குக் கீரிமலைக் கடற்கரைக் கேணிதான் நினைவில் நிற்கிறது. அப்பாவுக்கு முதல் ஆடி அமாவாசை. தர்ப்பணம் முடித்துக் கேணிக்குள் இறங்கினோம், சுவருக்கு அங்காலே கடல் அடிக்கிறது, இங்காலே ஊற்றுத் தண்ணீர், பொடியன்கள் கேணிக்கட்டின்மேல் ஏறி ஏறிக் குதிக்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து மிதந்தீர்கள். கனநேரம். நான் பயந்துபோய்க் கூப்பிட, "இப்பிடிக் கிடந்து எத்தினை வருசமடா" என்றீர்கள். அப்படி ஒரு முகத்தை நான் உங்களிடம் அதற்கு முதலும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. படியில் ஏறினவுடனே ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தீர்கள். "வந்ததால ரெண்டு ஓவர்டைம் போச்சு." கையில் எள்ளு ஒட்டியிருந்தது அண்ணா. அப்பாவுக்கு இறைத்த எள்ளு.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் காசு ஒரு நாளும் பிந்தவில்லை. அவர் கேட்டது காசை இல்லை. அந்தக் காசில்தான் நான் கம்பஸ் முடித்தேன் என்று நீங்கள் சொல்ல முதலே நானே சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, நாவற்குழிப் பாலம். மிச்சத்தை எழுதத் தேவையில்லை. அன்றிரவு உங்கள் தோளில் இருந்தவன்தான் இன்றைக்கு உங்களோடு மல்லுக்கு நிற்கிறான், அது எனக்கு லேசாக இல்லை.

ஆனால் இங்கே வந்து பாருங்கள். விடியப்புறம் ஐந்தரைக்குச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் முன்வாங்கிலேயே தூங்கி விழுகிறார்கள். பள்ளிக்கூடம், அது விட்டால் இன்னொரு டியூட்டரி, ஞாயிறும் அதே கதை. பல்கலைக்கழகத்துக்கு எடுபட இசட் புள்ளி கூடினால் போதும். 70களில் தரப்படுத்தல் வந்து, பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்டபோது அப்பாவுக்குப் பிடித்த பயம் அது, உங்களுக்கும் எனக்கும் அப்படியே இறங்கியது. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, படிப்பால்தான் நானும் நிற்கிறேன். என் மகளுக்கு அந்தப் பயத்தைக் கொடுக்கமாட்டேன், அவ்வளவுதான்.

இந்த முறை ஆடிப்பிறப்புக்கு ஆறுதலாக இருந்து கூழ் காய்ச்சினோம். பயறு, பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு எல்லாம் போட்டு. அம்மா அகப்பையை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நின்றா, பேத்திக்கு மட்டும் கொடுத்தா. போன ஞாயிறு மோட்டரைப் போட்டு நானும் மகளும் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டோம், சேறெல்லாம் அவளில்தான். பின்னேரம் பண்ணைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், ஒன்றும் வாங்கவில்லை, ஒன்றும் படிக்கவில்லை. இதற்காக எனக்கு வருமானம் குறைந்தால் குறையட்டும். நீங்கள் அங்கே இரண்டு வேலை செய்து சேர்த்ததை நான் இங்கே வீணாக்குகிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி. தேருக்காவது வரப் பாருங்கள். லீவு தராவிட்டால் விடுங்கள், அதற்காக நான் கோபிக்கமாட்டேன். அம்மாவிடம் என்னைப் பற்றி விசாரிக்கிறதை மட்டும் நிறுத்துங்கள், போனை வைத்த பிறகு அவ அழுகிறா. ஏசுவதாக இருந்தாலும் என்னையே கூப்பிட்டு ஏசுங்கள்.

தம்பி