எவ்வளவு எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே சொல்லுங்கள்

வரலாற்றுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும், இவர்களுக்கு விதி வகுத்துத் தரும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டுத் தாளும் வந்து, எழுதி, திருத்தி, முடிவும் வெளியாகிவிட்டது. மூன்று மணி நேரம், ஐந்து கட்டுரை வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். மேலே வழக்கமான அதே வரி: ‘அனைத்து வினாக்களுக்கும் விரிவாக விடையளிக்கவும்.’ விரிவாக என்றால் எவ்வளவு? இரண்டு பக்கமா, நான்கா, எட்டா? மாணவர்கள் எங்களைக் கேட்கிறார்கள், நாங்கள் உங்களைக் கேட்கிறோம். ‘தேவையான அளவு எழுதினால் போதும்’ என்கிறீர்கள். தேவையான அளவு எது என்றுதானே கேட்கிறோம்!

நான் வரலாறு நடத்தும் ஆசிரியர். என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, ஏறத்தாழ எத்தனை சொற்கள் எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நிமிடம் செலவிடலாம், மதிப்பெண் எதெதற்கு என்று அச்சிட்டுத் தாருங்கள். இதை இதற்கு முன்பும் எழுதிக் கேட்டிருக்கிறோம். இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம், முடிவுகள் வந்த பிறகு என் மாணவி ஒருத்தி வாங்கி வந்த விடைத்தாள் நகல்.

முதல் வினா, பிரெஞ்சுப் புரட்சிக்கு நிதி நெருக்கடி எந்த அளவுக்குக் காரணம் என்பது. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள். 1715இல் இறந்துபோன பதினான்காம் லூயிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். வெர்சாய் அரண்மனை, சமூகத்தின் மூன்று பிரிவுகள் (மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள்), தத்துவ அறிஞர்கள் என்று தெரிந்த எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். வினா கேட்ட விஷயம் ஐந்தாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது: அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் 1778இல் இறங்கி வாங்கிய கடன், வரிச் சலுகையை விட்டுக்கொடுக்க மறுத்த மேல்தட்டு, 1788இல் பொய்த்த விளைச்சல், வேறு வழியில்லாமல் 1614க்குப் பிறகு முதல்முறையாக 1789 மே 5 அன்று கூடிய மூன்று பிரிவுகளின் பேரவை. அந்தப் பகுதி நன்றாகவே இருந்தது. பக்கத்துக்கு ஒரு டிக், கடைசியில் 15 மதிப்பெண்.

ஐந்தாம் வினாவுக்கு வந்தால் எழுத்தே மாறிவிடுகிறது. எழுத்துகள் பெரிதாகி, வரிகள் கோட்டை விட்டு மேலேறி, புள்ளி வைக்கக்கூட நேரமில்லாமல் ஓடியிருக்கிறாள். முதல் உலகப் போர் மூண்டதில் கூட்டணி முறைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. கடைசி வரி இப்படி நிற்கிறது: ‘ஆனால் 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டணியில் இருந்த இத்தாலி 1914இல்’. அங்கே மணி அடித்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘முழுமையற்ற விடை’. மதிப்பெண் 5.

அந்த அரைகுறை வாக்கியம்தான் அவளுடைய விடைத்தாளிலேயே மிகச் சிறந்த சிந்தனை. இத்தாலி 1914இல் நடுநிலை வகித்தது, 1915இல் எதிரணியில் சேர்ந்து போரில் இறங்கியது. அப்படியானால் கூட்டணி ஒப்பந்தம் ஒரு நாட்டைத் தானாகப் போருக்குள் இழுத்துவிடவில்லை, ஒவ்வொரு அரசும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது என்றாகிறது. அந்த நூலைப் பிடித்தால் பிரிட்டன் பக்கமும் போகலாம். 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் பிரிட்டன் செய்துகொண்ட உடன்பாடுகள், போர் வந்தால் சண்டைக்கு வந்தே தீர வேண்டும் என்று அதைக் கட்டிப்போடவில்லை. 1914 ஆகஸ்ட் 4 அன்று போரில் இறங்கியபோது பிரிட்டன் காட்டிய காரணம் பெல்ஜியத்தின் நடுநிலை, அதற்கு ஆதாரம் 1839 ஒப்பந்தம். கூட்டணிகள் பதற்றத்தை வளர்த்தன, ஆனால் ஆஸ்திரிய இளவரசர் கொலைக்குப் பிறகு 1914 ஜூலையில் எழுந்த நெருக்கடியில் அரசுகள் எடுத்த முடிவுகள்தான் போரைக் கொண்டுவந்தன என்று வாதிட இது போதும். 400 சொற்களில் முடிகிற விடை. வகுப்பில் இதை அவள் வாய்மொழியாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தேர்வில் அதைச் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. பதினான்காம் லூயி தின்றுவிட்டார் அந்த நேரத்தை.

‘நேர மேலாண்மை தெரியவில்லை’ என்று நீங்கள் சொல்லக்கூடும். அவளிடம் கேட்டேன், ஏன் எட்டுப் பக்கம் என்று. ‘கம்மியா எழுதினா மார்க் போட மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க சார்’ என்றாள். அந்த ‘எல்லாரும்’ யார்? மூத்த மாணவர்கள், டியூஷன் வகுப்பு, கைடு போடுகிறவர்கள், சில ஆசிரியர்கள். நீங்கள் வாய் திறக்காத இடத்தில் இவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். தேர்வறையில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து கூடுதல் தாள் வாங்கினால் போதும், இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது. சொல்லி முடித்த விடையை மறுபடி நீட்டுகிறார்கள். அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, வந்த பிறகு நீளம் என்றும் குட்டை என்றும் குறை சொன்னால் தையற்காரர் என்னதான் செய்வார்?

கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே. 180 நிமிடம், ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். வினாவைப் படித்து, என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்து, நான்கு குறிப்பு எழுதிக்கொள்ள ஆறு நிமிடமாவது வேண்டும். மீதி 30. யோசித்துக்கொண்டே எழுதுகிற கை நிமிடத்துக்கு 15 சொல் எழுதும் என்று வைத்துக்கொண்டால் 450 சொல். கை வலிக்கிற மூன்றாம் மணி நேரத்தில் அதுவும் குறையும். ஆக, நீங்கள் தரும் நேரத்துக்குள் ஒருவர் ஒழுங்காக எழுதக்கூடியது அவ்வளவுதான். உங்கள் தாளே சொல்லாமல் சொல்லும் அளவு இது. அதை வெளிப்படையாக அச்சிடுவதில் என்ன தடை?

பக்கக் கணக்கு எதற்கும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரிக்கு ஆறேழு சொல், பக்கத்துக்கு இருபது வரி என்று பெரிதாக எழுதுகிறவருக்கு 450 சொல் மூன்றரைப் பக்கம். வரிக்கு 12 சொல், பக்கத்துக்கு 25 வரி என்று நெருக்கி எழுதுகிறவருக்கு ஒன்றரைப் பக்கம். இருவரும் எழுதியது ஒரே அளவு. கட்டுக்கட்டாகத் திருத்தும் களைப்பில் இரண்டாமவருடையது ‘சின்ன விடை’ என்று தோன்றிவிடும். திருத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் நீங்கள் அளவு சொல்வதில்லை.

நீளத்துக்கு மயங்குவது எல்லா இடத்திலும் நடக்கிற விஷயம்தான். 2005இல் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 25 நிமிடக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சித் துறையில் இருந்த லெஸ் பெரல்மன், மதிப்பெண்ணோடு வெளியான மாதிரிக் கட்டுரைகளை எடுத்து வைத்துப் பார்த்தார். கட்டுரை நீள நீள மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. தகவல் பிழைகள் இருந்த கட்டுரைகளும் உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தன. கடைசியில் 2021இல் அந்தக் கட்டுரைப் பகுதியையே பொதுவான தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். வரலாற்றுத் தேர்வில் இப்படி நடந்தால் அதைவிட வேறென்ன கேடு வேண்டும்? ஆண்டும் ஆதாரமும் தப்பாக இருந்தாலும் பக்கம் நிரம்பினால் சரி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

அளவைச் சொல்வது முடியாத காரியம் இல்லை. இந்திய ஆட்சிப்பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களில் 10 மதிப்பெண் வினாவுக்கு 150 சொல், 15 மதிப்பெண் வினாவுக்கு 250 சொல் என்று அச்சிட்டே தருகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யின் வரலாற்றுத் தாள்களில் நீண்ட கட்டுரைக்கு 40 நிமிடம் என்று வழிகாட்டுகிறார்கள். அதன் 6 புள்ளிகளும் எதற்கு என்பதையும் வெளியிட்டிருக்கிறார்கள்: மைய வாதத்துக்கு 1, பின்னணிக்கு 1, ஆதாரத்துக்கு 2, பகுப்பாய்வுக்கு 2. நீளத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அங்கே எழுதுகிற பிள்ளைக்கு எங்கே நிறுத்தலாம் என்று தெரியும்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஒரு விடைக்கு முதல் பத்துப் பன்னிரண்டு மதிப்பெண் கொஞ்சம் உழைத்தால் வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கடினம். முதல் வினாவில் இன்னும் நான்கு பக்கம் எழுதிக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டோ மூன்றோ. அதற்காகக் கடைசி வினாவில் பறிபோவது எட்டோ பத்தோ. இந்தக் கணக்கு டியூஷனுக்குப் பணம் கட்டி, மாதிரித் தேர்வு பல எழுதிப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் முதல் ஆளாகத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள்? வினாத்தாளில் ஒரு வரி இருந்தால் இருவருக்கும் ஒரே தகவல் கிடைக்கும்.

வரலாறு என்றாலே மனப்பாடம் என்ற பேச்சு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ‘ஏன் இப்படி நடந்தது, வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா’ என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். ஒரு ஆதாரத்தை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்க்கச் சொல்லித் தருகிறோம். தேர்வு நெருங்கியதும் அதே பிள்ளை கைடை எடுத்து, எட்டுப் பக்கக் கட்டுரைகளை வரிசையாக உருப்போடத் தொடங்குகிறது. கேட்ட வினா எதுவானாலும் அந்தக் கட்டுரையையே இறக்கி வைக்கிறது. ‘ஆராய்க’ என்றாலும் ‘மதிப்பிடுக’ என்றாலும் விடை ஒன்றேதான். எதை விடுவது, எதை வைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதானே வரலாறு எழுதுவதன் பாதி வேலை? அதைச் செய்தவருக்குத் தண்டனையும் செய்யாதவருக்குப் பரிசும் கொடுக்கிற தேர்வை நடத்திக்கொண்டு, ‘இப்போதெல்லாம் மாணவர்கள் சிந்திப்பதில்லை’ என்று கருத்தரங்கில் வருத்தப்படுவதைக் கேட்கும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. ஆண்டு முழுக்க நாங்கள் கட்டியதை உங்கள் தாளின் ஒரு வரி மூன்று மணி நேரத்தில் இடித்துவிடுகிறது.

சரி, கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறேன்.

‘அளவு வைத்தால் நன்றாக எழுதுகிறவர்களின் கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடும்’ என்று உங்களில் சிலர் முன்பு சொன்னீர்கள். நாங்கள் கேட்பது உச்சவரம்பு இல்லை. 450 சொல் என்று போட்டு, அதைத் தாண்டினால் மதிப்பெண் குறையாது, தாண்டியதற்காகக் கூடவும் கூடாது என்று ஒரு குறிப்பு சேர்த்தால் போதும். விறுவிறுவென்று எழுதும் பிள்ளை 700 சொல் எழுதட்டும். 380 சொல்லில் வாதத்தை முடித்த பிள்ளை பயமில்லாமல் அடுத்த வினாவுக்குப் போகட்டும்.

மதிப்பெண் பங்கீட்டையும் சொல்லுங்கள். வினா கேட்டதற்கு நேரடியான வாதம் 6, பொருத்தமான ஆதாரம் 8, காரணங்களை எடைபோட்டு முடிவுக்கு வருவது 6 என்பது போல ஏதோ ஒன்று. எண்கள் உங்கள் விருப்பம். அது திருத்துகிறவர்களின் விடைக்குறிப்பில் மட்டும் பூட்டிக் கிடக்காமல் எழுதுகிறவரின் கையிலும் இருக்க வேண்டும். வினாவுக்குத் தொடர்பில்லாத பக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை என்பதைத் திருத்தும் முகாமில் தெளிவாகச் சொல்லி, வெளியிலும் அறிவியுங்கள். ஒரு நல்ல குறுகிய விடையையும் ஒரு நல்ல நீண்ட விடையையும், ஏன் இந்த மதிப்பெண் என்ற விளக்கத்தோடு வெளியிட்டால் இன்னும் நல்லது. மாணவர்கள் எங்கள் வாயிலிருந்து கேட்டு நம்பாததை உங்கள் தாளில் பார்த்தால் நம்புவார்கள்.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். எழுதும் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எட்டு எட்டுப் பக்கமாகப் படித்துக் கண் நோகும் திருத்துநர்களுக்கும் இது உதவி. அடுத்த தேர்வுக்கான வினாத்தாள் அச்சுக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு கட்டுரை வினாவுக்குக் கீழும் சொல் அளவு, நிமிடம், மதிப்பெண் பங்கீடு மூன்றையும் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். மாணவர்களிடம் அதைப் படித்துக் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்