பரிசுப் பொருளை ஒரே வாசலில் கொடுக்காதீர்கள்: யூபிலி விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கொழும்பு மாநகர சபையினர், காலிமுகத்திடலில் பொது வைபவங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், யூபிலி விழாக்களை நடத்தும் தூதரகங்கள், சங்கங்கள், பாடசாலைகள்

மதிப்புக்குரியோரே, வணக்கம்.

முடிமன்னர் ஒருவர் அரியணை ஏறி 25, 50, 60 ஆண்டுகள் நிறையும்போது எடுக்கப்பட்ட யூபிலி விழாக்கள் எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி நிரலை விட்டுச் சென்றிருக்கின்றன. அலங்கார வளைவு, மின்விளக்கு, வேட்டு, பிள்ளைகளின் அணிவகுப்பு, கடைசியில் ஏழைகளுக்குச் சாப்பாடு அல்லது அன்பளிப்பு. 1972 மே 22இல் இலங்கை குடியரசானது. ஐந்து ஆண்டுகளின் பின் வந்த இரண்டாம் எலிசபெத்தின் வெள்ளி யூபிலி எங்களுக்கு வேற்று நாட்டு விழாவாகிவிட்டது. நிரல் மட்டும் மாறவில்லை. தூதரக வைபவமோ, பாடசாலையின் பொன்விழாவோ, அரசியல் மேடையோ, எல்லாவற்றிலும் அதே வரிசைதான். அந்த வரிசையின் கடைசி அங்கமான இலவச விநியோகத்தைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறோம். மற்றவற்றில் பிழை வந்தால் விழா கெடும். இதில் பிழை வந்தால் ஆள் சாகும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். விழாத் திடலில், ஒரே இடத்தில், திரண்டு நிற்கும் கூட்டத்துக்குள் எதையும் விநியோகிக்காதீர்கள். கோப்பை, புத்தகப்பை, அரிசி, காசு, எதுவானாலும் ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். திடல் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மட்டும் இருக்கட்டும்.

காரணத்தை விளக்க மூன்று விழாக்களை எடுத்துச் சொல்கிறோம்.

1887இல் விக்டோரியா மகாராணியின் பொன் யூபிலிக்காக இலண்டன் ஹைட் பார்க்கில் சுமார் 30,000 பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணிஸும் பாலும் யூபிலிக் கோப்பையும் கொடுத்தார்கள். வந்தவர்கள் யார், எத்தனை பேர் என்பது முன்னமே தெரிந்த கூட்டம் அது. 1896 மே மாதம் மொஸ்கோவின் கொடின்கா வெளியில், ரஷ்யப் பேரரசர் (சார்) இரண்டாம் நிக்கொலஸின் முடிசூட்டு விழாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ரொட்டி, சொசேஜ், இனிப்பு, எனாமல் கோப்பை என்று சுமார் 400,000 பொதிகள் இருந்தன. சுமார் 150 கொட்டில்களும் போட்டிருந்தார்கள். ஆனால் டோக்கன் இல்லை, வரிசை இல்லை, நிலமோ குழியும் பள்ளமுமாக இருந்தது. ஐந்து இலட்சம் பேர் இரவிலிருந்தே திரண்டார்கள். பொதி போதாதாம், கோப்பைக்குள் பொற்காசு இருக்கிறதாம் என்று விடியப்புறம் வதந்தி பரவியது. அரச கணக்கின்படியே 1,389 பேர் இறந்தார்கள்.

அடுத்த வருடம், விக்டோரியாவின் 1897 வைர யூபிலியில், இலண்டனின் ஏழைகளுக்கு விருந்து கொடுக்கும் நிதிக்குத் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 25,000 பவுண் கொடுத்தார். சுமார் 400,000 பேர் சாப்பிட்டார்கள். கொடின்காவில் பொதி கொடுக்க நினைத்த அதே எண்ணிக்கை! ஆனால் விருந்து ஒரே வெளியில் நடக்கவில்லை. நகரின் பல மண்டபங்களுக்குப் பிரித்துவிட்டிருந்தார்கள். (அந்தச் செல்வத்தில் அப்புத்தளை மலைகளில் கொழுந்தெடுத்த எங்கள் மக்களின் உழைப்பும் இருந்தது. யூபிலி வரலாற்றைப் பேசும் மேடைகளில் அதையும் ஒருமுறை சொல்லுங்கள்.)

கொழும்புக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2020 மே 21ஆம் திகதி மாளிகாவத்தையில் பண உதவி பெறத் திரண்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுக்க நினைத்தது நல்ல மனம்தான். அங்கே இல்லாமற் போனது ஒழுங்கு.

நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் அரை அடிதான் நகர்கிறார், ஆனால் நூறு பேரின் அரை அடியும் சேர்ந்து முன்வரிசையில் போய் அழுத்துகிறது. அதனால் "சனம் அடித்துப் பிடித்தது" என்று மக்களைப் பழிப்பது பிழை. ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர் வந்தவுடன் கவனிக்க வேண்டும். ஐந்தாகும்போது உள்ளே வருபவர்களை நிறுத்தியே ஆகவேண்டும். ஆறு, ஏழு ஆனபின் யாரும் தன் விருப்பப்படி நடக்க முடியாது, கூட்டம் அலைபோல் ஆடத் தொடங்கும். அந்த நேரத்தில் பொலிஸார் முன்னாலிருந்து தள்ளினால் நிலைமை மோசமாகும். பின்பக்கத்தைத் தளர்த்தி, பக்கத் தடுப்புகளைத் திறப்பதுதான் வழி.

இனிக் கணக்கு. 10,000 பொதி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டி முடித்த பொதியை ஒரு சாளரத்தில் நிமிடத்துக்குப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், மணிக்கு 600. இரண்டு மணித்தியாலத்தில் முடிக்க ஒன்பது சாளரங்கள் வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக இன்னொன்று. பத்துச் சாளரம் என்றால் குறைந்தது இருபது கை, பின்னால் பொதி எடுத்துக் கொடுக்கப் பத்துப் பேர், வரிசைக்கு நாற்பது தொண்டர். அதே சாளரத்திலேயே டோக்கன் பார்த்து, பெயர் எழுதி, "சைவமா, ஹலாலா" என்று கேட்டால் வேகம் நிமிடத்துக்கு நான்காக இறங்கும். அப்போது 21 சாளரம் தேவை. இருப்பதோ பத்து. மிகுதிப் பேர் வெயிலில் பொறுமையிழந்து நிற்பார்கள். ஆகவே டோக்கனை வரிசையின் தொடக்கத்திலேயே பாருங்கள். உணவுப் பொதிக்கு நிற ஸ்டிக்கரை முன்கூட்டியே ஒட்டி, சாளரங்களையும் அதே நிறத்தில் பிரித்துவிடுங்கள்.

இப்போது அதே 10,000 பொதியைக் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, மருதானை, வெள்ளவத்தை என்று 40 இடங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். ஓர் இடத்துக்கு 250 பொதி. ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு பாடசாலை முற்றம், அரை மணித்தியாலம். நாற்பது சின்ன லொறிப் பயணத்தின் செலவு அலங்கார வளைவின் செலவைவிடக் கூட வராது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோர் முழுவதையும் ஒரே பந்தலில் வைத்திருந்தால் தேர் நகருமா?

எப்படியும் ஓர் இடத்தில்தான் கொடுப்போம் என்று முடிவெடுத்தால், கீழே சொல்வதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

டோக்கனை மூன்று நாட்களுக்கு முன்னரே கிராம சேவகர் மூலமோ பாடசாலை மூலமோ கொடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு 2,500. நேரமும் சாளர இலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தொடரிலக்கம் அடிக்காவிட்டால் போட்டோக்கொப்பி வரும். வாங்கியவுடன் துளையிடாவிட்டால் அதே டோக்கன் வேலிக்கு மேலால் மறுபடி வரும். டோக்கன் இல்லாமல் வருபவர்களைக் "கடைசியில் மிஞ்சினால் தருகிறோம், நில்லுங்கள்" என்று சொல்லி வைத்திருப்பதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பெரும் பிழை. அந்த ஒரு வசனத்தால் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டம் உருவாகி, கடைசி அரை மணித்தியாலத்தில் அப்படியே சாளரத்தில் விழுகிறது. அவர்களின் பெயரையும் முகவரியையும் திடலின் ஓரத்தில் வேறொரு மேசையில் பதிந்து, மறுநாள் அவரவர் பகுதியில் கொடுப்பதாகச் சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி கொடுங்கள். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்தமுறை நகர மாட்டார்.

வரிசைப் பாதை ஒரு மீற்றருக்கு மேல் அகலமாக வேண்டாம். அகலம் கூடினால் இருவர் மூவராகச் சேர்ந்து வந்து, சாளரத்தின் முன் ஒருவராகக் குறுகவேண்டி வரும். நெரிசல் தொடங்குவது அந்தக் கழுத்தில்தான். கயிறு கட்டாதீர்கள். சனம் சாய்ந்தவுடன் கயிறு முன்னே போகும், அதோடு மூங்கிலும் போகும். இடுப்புயரக் கம்பித் தடுப்பே வேண்டும், அதன் பாதங்கள் நடக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஐம்பது பேருக்கு ஓர் இடைவெளி விட்டு, அங்கே ஒரு தொண்டரை நிறுத்துங்கள். பொதி வாங்கியவர் வந்த வழியே திரும்பக் கூடாது. முன்னோக்கிப் போய் வேறொரு வீதியில் ஏறவேண்டும். கதவு உள்ள இடமென்றால் அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும், முழு நேரமும் திறந்தே இருக்க வேண்டும்.

காலிமுகத்திடலுக்கென்று சில விடயங்கள் உண்டு. மேற்கே கடல், அந்தப் பக்கம் வெளியேற வழி இல்லை. சமநிலத்தில் ஒரு மீற்றர் அகல வாசலால் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர்தான் போகலாம். 20,000 பேர் பத்து நிமிடத்தில் வெளியேற 25 மீற்றர் வாசல் திறந்திருக்க வேண்டும். அதிதிகளின் வாகனங்களைக் காலி வீதிப் பக்கம் வரிசையாக நிறுத்தினால் அந்த 25 மீற்றரும் போய்விடும். விநியோக இடத்தை மேடைக்கு அருகே வைப்பது, படத்தில் பொதியும் பிரமுகரும் சேர்ந்து விழவேண்டும் என்பதற்காக. தயவுசெய்து கைவிடுங்கள். ஒரு படத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேடையில் கொடுத்தால் போதும். மேடையிலிருந்தோ லொறியிலிருந்தோ எறிவதை முற்றாகத் தடை செய்யுங்கள்.

1887, 1897, 2012, 2022 யூபிலிகள் ஜூன் மாதத்தில் வந்தவை. இங்கிலாந்தில் அது கோடை. எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். மழை கொட்டியவுடன் எல்லோரும் ஒரே கூடாரத்துக்குள் ஓடுவார்கள். கூடாரத்தின் பக்கங்களை மூடாமல் விடுங்கள். கடற்காற்றுக்குக் கால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிய பீப்பாயைக் கட்டுங்கள், மணலில் அறைந்த ஆணியை நம்பவேண்டாம். மின்விளக்குச் சரங்களுக்கு மின்கசிவில் தானே நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் வேண்டும், வயர் இணைப்புகள் புல்லில் கிடக்கக் கூடாது. சமைத்த உணவு கொடுப்பதென்றால், வெசாக் தன்சலுக்கு (இலவச உணவுப் பந்தலுக்கு) செய்வதுபோல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்யுங்கள்.

ஒலிபெருக்கி பாட்டுக்கு மட்டுமல்ல. பற்றரியில் ஓடும் தனி ஒலிபெருக்கி ஒன்று வரிசையின் கடைசியில் இருக்கட்டும், ஏனெனில் சொல்லவேண்டிய ஆட்கள் பின்னால்தான் நிற்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் மிச்சத்தை அறிவியுங்கள்: "இன்னும் நாலாயிரம் பொதி இருக்கிறது, பச்சை டோக்கனுக்கு மூன்றரை மணிக்கு." எண்ணிக்கை தெரிந்த கூட்டத்தில் "முடியப்போகுதாம்" என்ற வதந்தி எடுபடாது. நிறுத்தவேண்டி வந்தால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "முன்னால் ஆட்கள் நெரிபடுகிறார்கள், பின்னால் நிற்பவர்கள் ஐந்து அடி பின்னே போங்கள்." விநியோகத்தை உடனே நிறுத்தும் அதிகாரம் ஒரேயொருவரிடம் இருக்க வேண்டும். அவர் மேடையில் இருக்கக் கூடாது, கூட்டத்தைப் பார்க்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும்.

அதிகாரிகளே, அனுமதி விண்ணப்பத்தில் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை பொதி, எத்தனை சாளரம், டோக்கன் எப்போது கொடுக்கப்பட்டது, வெளியேறும் வழியின் மொத்த அகலம் எவ்வளவு, நிறுத்தும் அதிகாரம் யாரிடம். பதில் இல்லாவிட்டால் மேடைக்கும் இசைக்கும் அனுமதி கொடுங்கள், விநியோகத்துக்கு மட்டும் மறுத்துவிடுங்கள். திடலின் வரைபடம் கீறவும் வரிசைத் தொண்டர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுக்கவும் நாங்கள் கட்டணமின்றி வருவோம். விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக அழைத்தால் போதும்.

இப்படிக்கு,
கொழும்பின் கோயில், பாடசாலை, பொது வைபவங்களில் வரிசையும் பந்தலும் ஒழுங்குசெய்யும் தொண்டர்கள்