நான்கு கோல் வாங்கிய அதே மைதானத்தில்

கடலூர், 2024 ஏப்ரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் கோவாவிடம் நம் சென்னையின் எஃப்சி அணி 1-4 என்று தோற்ற செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நான்கே வரியில் போட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு, பக்கமெல்லாம் தேர்தல், இடம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் சனிக்கிழமை பிளே ஆஃபிலும், அதாவது லீக்கில் முதல் ஆறு இடம் பிடித்த அணிகள் ஆடும் அடுத்த சுற்றிலும், அதே மைதானத்தில் அதே கோவாதான், அதனால் சென்னைக்கு வாய்ப்பு இல்லை என்ற தொனியில் செய்தியை முடித்திருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆட்டம் நடந்தது சித்திரை முதல் நாள் இரவு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கிரிக்கெட்தான். வான்கடேயில் தோனி அடுத்தடுத்து மூன்று சிக்ஸர் அடித்தபோது மாடியிலிருந்தெல்லாம் விசில் பறந்தது. நான் ஜியோசினிமாவில், கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த நம் ஆட்டத்தைப் பார்த்தேன். மனசு வலித்தது உண்மைதான். ஆனால் சென்னைக்குப் பிளே ஆஃப் இடம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் நிலைமை மாறாத ஆட்டம் அது. தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆட்டத்தை அதை வைத்து எடை போடுவது சரியல்ல.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. 22 ஆட்டத்தில் 36 கோல் வாங்கியிருக்கிறோம். பிளே ஆஃபுக்கு வந்த ஆறு அணிகளில் வேறு யாரும் இவ்வளவு வாங்கவில்லை. கோவா வாங்கியது 21தான். தோல்வி மட்டும் 11, சரிபாதி. பலரும் இதற்கு நடுவில் நின்று தடுக்கும் நம் ஸ்டாப்பர்கள் எட்வர்ட்ஸையும் சிர்கோவிச்சையும் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் தலைக்கு வரும் பந்தை நன்றாகவே வெளியே அடிக்கிறார்கள். அடித்த பந்து விழும் இடத்தில்தான் நம் ஆள் இருப்பதில்லை. இரண்டு ஓரங்களையும் காக்கும் ரைட் பேக்கும் லெஃப்ட் பேக்கும் ஏறிப் போகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அவர்கள் விட்டுப் போன இடத்தை மூட நடுக்களத்திலிருந்து யாரும் பின்னால் வருவதில்லை. பந்து பறிபோனதும் எதிரணி முதலில் அங்கேதான் ஓடுகிறது.

எங்கள் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் மாலையில் பெண் பிள்ளைகள் பயிற்சி செய்வதை உட்கார்ந்து பார்ப்பது என் பழக்கம். இந்துமதி கதிரேசனையும் சந்தியா ரங்கநாதனையும் இந்திய அணிக்குக் கொடுத்த மாவட்டம் இது. சின்னப் பிள்ளைகள்கூட விவரமாக ஆடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண்ணைக் கவனித்தேன். பதிமூன்று வயது இருக்கும், லெஃப்ட் பேக். எதிரணி மறுபக்கத்திலிருந்து பந்தைத் தூக்கும் முன் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பித் தன் முதுகுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு முறை பார்க்க மறந்தாள், அந்த முறைதான் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடி வந்து கோல் அடித்தது. அவள் யாரையும் திட்டவில்லை. அடுத்த பந்துக்குத் திரும்பவும் கழுத்தைத் திருப்பினாள். சனிக்கிழமை நம்முடைய பேக்குகள் அந்தப் பார்வையை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால் எதிரில் நிற்கப் போவது கோவாவின் நோவா சதாவி. இடது விங்கில் ஆரம்பித்து வலது காலுக்குப் பந்தை மாற்றி உள்ளே வெட்டி வருவார். அவரிடம் பந்து போன பிறகு ஒரே ஆளாக நின்று தடுக்க முடியாது. ரைட் பேக்குக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும், அது நம் முன்கள ஆட்டக்காரர் கானர் ஷீல்ட்ஸாக இருந்தாலும் சரி. அவர் ஓடுவதற்குச் சளைக்காதவர். அப்புறம் கோவாவின் நடுக்கள ஆட்டக்காரர் பிராண்டன் ஃபெர்னாண்டஸ். அவருக்குத் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கொடுத்தால் நாம் முடிந்தோம்.

இனி பலத்துக்கு வருகிறேன். மார்ச் 31 அன்று கொல்கத்தாவில், இந்த ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து ஷீல்டை வென்ற மோகன் பகானை, அவர்கள் ரசிகர்கள் முன்னாலேயே 3-2 என்று ஜெயித்த அணி இது. முதலில் கோல் வாங்கியது நாம். மரே சமன் செய்தார், எட்வர்ட்ஸ் முன்னிலை கொடுத்தார், கடைசியில் அவர்கள் பெனால்டியில் சமன் செய்தார்கள். வேறு அணியாக இருந்தால் அந்த ஒரு புள்ளி போதும் என்று பின்னால் போய் நின்றிருக்கும். நம் பிள்ளைகள் மேலேறினார்கள், இர்ஃபான் யட்வாட் அடித்தார். அதன் பிறகு நார்த் ஈஸ்ட் அணியுடன் ஆடியபோதும் கடைசி நிமிடங்களில் அங்கித் முகர்ஜி அடித்த கோல்தான் நம்மைப் பிளே ஆஃபுக்குக் கொண்டுவந்தது. தொண்ணூறு நிமிடம் தாண்டியும் கால் ஓய்வதில்லை. ஒரே ஆட்டம், சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், அதற்கும் மேல் பெனால்டி என்று இருக்கும் விதிக்கு இப்படிப்பட்ட அணிதான் தோதானது. நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று இரண்டு கட்ட ஆட்டமாக இருந்திருந்தால் நானே இவ்வளவு நம்பிக்கையாக எழுதியிருக்க மாட்டேன்.

பயிற்சியாளர் ஓவன் காய்லுக்கும் இது புதிதல்ல. 2019 டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த இதே அணியை எடுத்து, அரையிறுதியில் இதே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வீழ்த்தி, இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். அதற்குப் பிறகு நாம் பிளே ஆஃபுக்கு வருவதே இப்போதுதான்.

ஃபடோர்டா என்றால் கடலூர்க்காரனான எனக்கு 2015 டிசம்பர் 20தான் ஞாபகம் வரும். வெள்ளம் வடிந்திருந்தது, வீட்டுச் சுவரில் ஈரம் மட்டும் போகவில்லை. சென்னையும் மூழ்கியதால் நம் அணி தன் அரையிறுதியைப் புனேவில் போய் ஆடியது. இறுதி ஆட்டம் கோவாவில், கோவாவுடன். முடிய சில நிமிடங்களே இருந்தபோது 1-2 என்று பின்தங்கியிருந்தோம். கோவா கோல்கீப்பர் மேல் பட்டு ஒரு கோல், அடுத்து நம் மென்டோசா ஒன்று, 3-2 என்று கோப்பை நமக்கு. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்து பார்த்த நாங்கள் ஐந்து பேரும் எழுந்து கத்தியதில், அந்த மாதம் முழுக்கப் பேச்சே இல்லாமல் இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னோம். சிரித்தார்.

கோவா இந்த ஆண்டு நம்மைவிட நல்ல அணி. பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் அவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார், 45 புள்ளி சும்மா வரவில்லை. நமக்கு 27தான். ஆனாலும் முதல் அரை மணி நேரம் கோல் வாங்காமல் இருந்துவிட்டால் கடைசி பதினைந்து நிமிடம் நம்முடையது என்று நான் நம்புகிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை தாளில், முடிவு எப்படி இருந்தாலும், இந்த ஆட்டத்துக்குக் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். யார் எப்படிக் கோல் அடித்தார், எங்கே கோட்டை விட்டோம் என்று எழுதுங்கள். அண்ணா விளையாட்டரங்குக்கு வரும் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.